நேதாஜி படத்துக்கு ஓர் அரிசிக் கணக்கு

நேதாஜியைப் பற்றிப் படம் என்றதுமே பேச்சு நேராகத் தைவானுக்கு ஓடிவிடுகிறது. விமானம் விழுந்ததா, இல்லையா? திரைக்கதை எழுத உட்காருகிறவரும் பாதி நாளை அதிலேயே தொலைக்கிறார். அதை முதலில் தீர்த்துக்கொண்டு மற்ற வேலைக்குப் போகலாம்.

1956-ல் ஷா நவாஸ் கான் குழுவும், 1974-ல் அறிக்கை கொடுத்த கோஸ்லா ஆணையமும் 1945 ஆகஸ்ட் 18 அன்று தைஹோகுவில், அதாவது இன்றைய தைபேயில், நடந்த விபத்தில்தான் அவர் இறந்தார் என்றன. 2005-ல் முகர்ஜி ஆணையம் அதை மறுத்தது. மறு ஆண்டே மத்திய அரசு அந்த மறுப்பை ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டது. படம் எடுப்பவர் இதில் நீதிபதியாக வேண்டியதில்லை. கூடப் பயணம் செய்து உயிர் பிழைத்த ஹபிபுர் ரஹ்மானின் வாக்குமூலமாக அந்தக் காட்சியை வைத்தால் போதும்: ஒருவர் சொல்கிறார், விசாரிப்பவர் எழுதுகிறார், திரையில் நாம் பார்ப்பது அவர் சொன்னது. ஆனால் விமானத்தைக் காட்டுவதானால் சரியாகக் காட்ட வேண்டும். அது மிட்சுபிஷி கி-21, இரண்டு எஞ்சின் உள்ள குண்டுவீச்சு விமானம். வரிசையாக இருக்கை, ஜன்னலுக்குத் திரை, நடுவில் நடைபாதை எதுவும் அதில் கிடையாது. இடுக்கில் தரையில் உட்கார்ந்துதான் போக வேண்டும். அந்த நெருக்கடியைக் காட்டாமல் அகலமான கேபின் செட் போட்டால், பின்னால் வரும் தீயும் பொய்யாகிவிடும்.

சரி, இனி படம்.

ஒரு படைத்தலைவரின் வாழ்க்கைப் படம் நிற்பதும் சாய்வதும் மூன்று விஷயங்களில். படைக்குச் சோறு எங்கிருந்து வந்தது, கட்டளை எந்த மொழியில் வந்தது, கையில் இருந்த துப்பாக்கி யாருடையது. இந்த மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டால் வசனம் பாதி தானாக வரும். இதை விட்டுவிட்டு வசனத்தில் ஆரம்பித்தால், இரண்டரை மணி நேரமும் ஒருவர் மைக் முன்னால் கையை உயர்த்திக்கொண்டே இருப்பார்.

சின்னச் சின்னப் பிழைகளை முதலில் களையலாம். கொடியில் ஆரம்பிக்கலாம். 1943-ல் சிங்கப்பூரில் பறந்தது நடுவில் ராட்டை போட்ட மூவர்ணக் கொடி. காங்கிரஸ் 1931-ல் ஏற்றுக்கொண்டது. அசோகச் சக்கரம் கொடியில் ஏறியது 1947 ஜூலை 22-ல். ஆர்ட் டிபார்ட்மென்ட் கடையில் வாங்கிய கொடியை ஏற்றிவிட்டால் நாலு வருஷம் முன்னால் சுதந்திரம் வந்துவிடும். பாயும் புலி போட்ட சின்னம் வேறு கதை. அது ஜெர்மனியில், பெரும்பாலும் வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இந்தியக் கைதிகளைக் கொண்டு அமைத்த லீஜியன் என்ற படைப்பிரிவின் சட்டைக் கையில் இருந்தது. பெர்லின் காட்சிக்குப் புலி, சிங்கப்பூர், பர்மா காட்சிகளுக்கு ராட்டை. இரண்டையும் கலந்தால் விவரம் தெரிந்தவர் முதல் பத்து நிமிஷத்திலேயே எழுந்து போய்விடுவார்.

அடுத்தது பெயர். ‘நேதாஜி’ என்ற பட்டமே ஜெர்மனியில் 1942 வாக்கில் வந்தது. அதற்கு முன்னால் கல்கத்தாவில் அவர் சுபாஷ் பாபு. 1939 திரிபுரி காங்கிரஸ் காட்சியில், பட்டாபி சீதாராமையாவை 1,580-க்கு 1,377 என்ற வாக்கில் தோற்கடித்த சூட்டில், கூட்டம் ‘நேதாஜி வாழ்க’ என்று கத்தக் கூடாது. ‘ஜெய் ஹிந்த்’ முழக்கத்துக்கும் இதே விதி.

சீருடை மட்டும் பலர் நினைப்பதைவிடப் பழையது. 1928 டிசம்பரில் கல்கத்தா காங்கிரஸின்போதே தொண்டர் படைக்குத் தளபதியாக, முழு ராணுவச் சீருடையில் நின்றவர் அவர். திரைக்கதைக்கு இது பெரிய வசதி. 1943-ல் சீருடை மாட்டும் காட்சிக்கு 15 வருஷத்துக்கு முந்தைய ஒரு நிழல் இலவசமாகக் கிடைக்கிறது.

தப்பிப்பு எல்லாப் படத்துக்கும் பிடித்த பகுதி. 1941 ஜனவரி 16 நள்ளிரவு கழிந்து எல்கின் சாலை வீட்டிலிருந்து கிளம்பிய கார் வாண்டரர் டபிள்யூ 24, ஜெர்மன் வண்டி, நாலு சிலிண்டர், எண் பிஎல்ஏ 7169. ஓட்டியவர் அண்ணன் மகன் சிசிர். வண்டி இன்றும் அதே வீட்டில் காட்சிக்கு இருக்கிறது, அதனால் மாதிரி செய்ய அளவெடுப்பது சிரமமில்லை. இங்கே வழக்கமாக நேர்வது உடைப் பிழை. கல்கத்தாவிலேயே அவருக்குப் பட்டாணியர் உடையும் தலைப்பாகையும் மாட்டிவிடுகிறார்கள். வீட்டிலிருந்து கிளம்பியவர் முகமது ஜியாவுதீன் என்ற இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்: கழுத்து மூடிய நீள கோட்டு, தொளதொள பைஜாமா, கறுப்புத் துருக்கித் தொப்பி. பட்டாணியர் வேஷம் பெஷாவர் போன பிறகுதான். அங்கிருந்து காபூல் வரை பகத் ராம் தல்வாரோடு போகும்போது ஊமை, செவிடு. காரணம் எளிது. பஷ்து தெரியாதவர் வாயைத் திறந்தால் மாட்டிக்கொள்வார். இந்த ஒரு காரணத்தைக் காட்டினாலே காட்சியில் பதற்றம் வந்துவிடும், பின்னணி இசை தேவைப்படாது. இன்னொன்று: ஒரே இரவில் கார் ரயிலடிக்குப் போய்விடவில்லை. 17-ம் தேதி பகல் முழுக்கத் தன்பாத் அருகே பராரியில், இன்னொரு அண்ணன் மகன் வீட்டில், முன்பின் தெரியாத விருந்தாளி மாதிரி தங்கினார். அன்று இரவுதான் கோமோ நிலையத்தில் ரயில். சொந்த வீட்டில் அந்நியனாக நடித்த அந்தப் பகலை ஏன் எல்லாரும் வெட்டிவிடுகிறார்கள் என்று புரியவில்லை.

நீர்மூழ்கிக்கு வருவோம். காபூல் வழியே ஜெர்மனி போய்ச் சேர்ந்தவர், 1943 பிப்ரவரியில் அங்கே கீல் துறைமுகத்தில் உதவியாளர் ஆபித் ஹசனோடு ஏறியது ஜெர்மன் நீர்மூழ்கி யு-180. ஏப்ரல் கடைசியில், மடகாஸ்கருக்கு அப்பால், ஜப்பானின் ஐ-29-க்கு மாறினார். மே 6 சுமத்ரா பக்கம் சபாங். ஏறக்குறைய மூன்று மாதம். இந்தப் பகுதியில் செட் போடுபவர் செய்யும் தவறு ஒன்றே ஒன்று: அகலப்படுத்துவது. அந்த வகை ஜெர்மன் நீர்மூழ்கியின் அழுத்தக் கூடு சுமார் 4.4 மீட்டர் விட்டம். அதற்குள் இரண்டு பக்கமும் படுக்கை, குழாய், வால்வு எல்லாம் போக நடக்க மிஞ்சுவது ஒரு ஆள் தோள் அகலம். கேமரா நுழையவில்லை என்று செட்டை ஆறு மீட்டர் ஆக்கினால் அது நீர்மூழ்கி இல்லை, ரயில் பெட்டி. உண்மை அளவிலேயே கட்டிவிட்டு, ஒரு பக்கச் சுவரை மூன்று நான்கு துண்டாகக் கழற்றும்படி செய்துகொள்ள வேண்டும். ஷாட்டுக்கு ஏற்ப ஒரு துண்டைக் கழற்றிக் கேமரா வைப்பது, மற்றவை அப்படியே இருக்கும். எதிரே ஆள் வந்தால் இருவரும் பக்கவாட்டில் திரும்பித்தான் கடக்க வேண்டும் என்பதை நடிகர்களுக்குச் செட்டே சொல்லிக் கொடுக்கும். நீர்மூழ்கியில் நன்னீரும் அளவுதான். ஆக மூன்றாவது மாதத்திலும் மடிப்புக் கலையாத சட்டை, மின்னும் முகம் என்று வந்தால் மேக்கப்காரர் காலண்டரைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

கப்பல் மாறிய காட்சி இன்னும் நுட்பம். இரண்டு நீர்மூழ்கிகளும் சந்தித்த அன்றே மாறிவிடவில்லை. கடல் கொந்தளித்ததால் காத்திருந்து, ஏப்ரல் 28 அன்று ரப்பர் படகில், கயிற்றைப் பிடித்துக்கொண்டு, நனைந்து போனார்கள். யு-180 சுமார் 87 மீட்டர், ஐ-29 சுமார் 108 மீட்டர், சி.ஜி.யில் இரண்டையும் ஒரே அச்சில் வார்க்கக் கூடாது. படகு கீழே இறங்கும்போது கப்பலின் மேல்தளம் கண்ணுக்கு மறைய வேண்டும், ஏறும்போது திரும்பத் தெரிய வேண்டும். அலையின் உயரம் அப்போதுதான் பார்ப்பவருக்கு உறைக்கும். மேலிருந்து ட்ரோன் மாதிரி எடுத்தால் எந்த அலையும் தட்டையாகிவிடும்.

சிங்கப்பூரில் கடிகாரத்தைக் கவனிக்க வேண்டும். ஜப்பானியர் ஊருக்கு ‘ஷோனான்’ என்று பேர் வைத்ததோடு கடிகாரத்தையும் டோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளிவிட்டார்கள். அங்கே அந்தக் கணக்கில் சூரியன் உதிப்பதே காலை எட்டு மணி சுமாருக்கு. ஆக, சுவர்க் கடிகாரம் பத்து காட்டும் காட்சிக்கு விழ வேண்டியது இளவெயில். நிழல் நீளமாக இருக்க வேண்டும். லைட்டிங் செய்பவரிடம் இதைச் சொல்லாவிட்டால் உச்சி வெயிலை அடிப்பார். பணமும் அப்படித்தான். ஜப்பானிய ஆட்சியில் மலேயாவில் புழங்கிய பத்து டாலர் நோட்டில் வாழை மரம் இருக்கும். ஜனங்கள் அதை வாழைமரக் காசு என்றே சொன்னார்கள். நன்கொடைக் கூட்டத்தில் தட்டில் விழுவது ஜார்ஜ் மன்னர் தலை போட்ட நோட்டாக இருந்தால் அதற்கு ஒரு காரணம் வேண்டும். யாராவது ஒளித்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுக்கிறார் என்றால் அது ஒரு நல்ல காட்சி. சும்மா விழுந்தால் பிழை.

நாள்களும் வரிசையாக இருக்கட்டும். 1943 ஜூலை 2 வருகை, அப்போது சாதாரண உடை. ஜூலை 4 கத்தே அரங்கில் ராஷ் பிஹாரி போஸிடமிருந்து தலைமை. ஜூலை 5 படாங் மைதானத்தில் அணிவகுப்பு, சீருடை, ‘சலோ டெல்லி’. அக்டோபர் 21 அதே கத்தே அரங்கில் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசு அறிவிப்பு. ரத்தம் கொடுங்கள் என்ற பேச்சு 1944 ஜூலையில், பர்மாவில். படாங் கூட்டத்திலேயே ரத்தத்தையும் கேட்டு, ஒரே பேச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிடுவது வசனகர்த்தாக்களுக்குப் பழக்கமாகிவிட்டது. அந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் ஒரு வருஷமும் ஒரு முற்றுகையும் இருக்கின்றன. முதலாவது புறப்படுபவரின் பேச்சு. இரண்டாவதைப் பேசியபோது, ஜப்பானியரும் இவர் படையும் மணிப்பூரில் போட்ட இம்பால் முற்றுகை உடைந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. அதே சொற்கள்கூட வேறு குரலில்தான் வரும்.

மொழிக்கு வந்தால் நம் ஆட்களுக்குக் கோபம் வர வேண்டிய இடம் இது. இந்திய தேசிய ராணுவத்தின் முதல் வடிவம், 1942 பிப்ரவரி 17 அன்று சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்ட இந்தியப் போர்க் கைதிகளிலிருந்து மோகன் சிங் தலைமையில் உருவானது. அந்த வருஷக் கடைசியிலேயே அது கலைந்துவிட்டது. சுபாஷ் போஸ் வந்து திரும்பக் கட்டியபோது புதிதாகச் சேர்ந்த சிவிலியன்களில் பெரும் பங்கு மலேயாத் தோட்டத் தமிழர்கள். பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர்கள்; லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பிறந்தவர்கள். படையின் பொது மொழி ரோமன் எழுத்தில் எழுதிய இந்துஸ்தானி. பதாகைகளில் தேவநாகரி எழுத்தைத் தீட்டுவது அதனாலேயே தப்பு. போஸுக்குத் தமிழ் தெரியாது. அவர் இந்துஸ்தானியிலோ ஆங்கிலத்திலோ பேசுவார். ஒருவர் தமிழில் திருப்பிச் சொல்வார்.

இதைத் திரையில் எப்படிக் கொண்டுவருவது? தலைவர் ஒரு வாக்கியம் சொல்கிறார். கூட்டத்தில் முன்வரிசை பஞ்சாபிச் சிப்பாய்கள் கைதட்டுகிறார்கள். பின்னால் ஆயிரம் பேர் அமைதி. மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னதும் பின்னாலிருந்து எழும்புகிறது சத்தம், முன்னதைவிடப் பெரிதாக. இப்படி இரண்டு அலையாக வரும் கைதட்டலை ஒலிப்பதிவாளர் நாலு ட்ராக்கில் பிரித்துச் செய்துவிடலாம், செலவே இல்லை. அந்த மக்களின் எண்ணிக்கையும் இடமும் ஒரு நொடியில் தெரிந்துவிடும். தமிழில் டப்பிங் செய்யும்போது எல்லாரையும் ஒரே தமிழில் பேசவிட்டால் இந்தக் காட்சி செத்துவிடும். போஸின் வாயில் இந்துஸ்தானியை அப்படியே விட்டுவிட வேண்டும். தோட்டத்து ஆட்களின் தமிழும் மதுரைத் தமிழாகவோ செய்தித் தமிழாகவோ இருக்கக் கூடாது. கங்காணி, தொரை, லயம் என்று அதற்கென்று ஒரு சொற்கூட்டம் இருக்கிறது.

அவர்கள் ஏன் சேர்ந்தார்கள் என்பதையும் ‘தேசபக்தி’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. அதே நேரத்தில்தான் சயாம்–பர்மா மரண ரயில் போட மலேயாத் தோட்டங்களிலிருந்து லாரி லாரியாகத் தமிழர்களை ஜப்பானியர் பிடித்துக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. தற்காலிக அரசு அறிவித்த அதே மாதம். ஒரே லயத்தில் அண்ணன் ரயிலுக்கும் தம்பி ராணுவத்துக்கும் போயிருக்க முடியும், இரண்டுக்கும் பின்னால் நின்றது ஒரே ஜப்பான். தலைவரின் மிகக் கடினமான சமரசம் இது. ஹிட்லரோடு கைகுலுக்கும் காட்சிக்குச் செலவழிக்கும் நிமிஷங்களில் பாதியை இதற்குக் கொடுக்கலாம்.

இனி துணியும் இரும்பும். படையிடம் இருந்தது பெரும்பாலும் சிங்கப்பூரில் பிரிட்டிஷார் விட்டுவிட்டுப் போன சரக்கு: காக்கி உடை, .303 லீ-என்ஃபீல்ட் துப்பாக்கி, பிரென் கன் என்ற இலகு இயந்திரத் துப்பாக்கி. கனரகப் பீரங்கி கிடையாது. எதிரே வருகிற பிரிட்டிஷ் இந்தியப் படையின் கையிலும் அதே துப்பாக்கி. அப்படியானால் பார்ப்பவர் எப்படிப் பிரித்தறிவது? வரலாறே உதவுகிறது. 1944-ல் பர்மா முனையில் பிரிட்டிஷ் தரப்பு பச்சை உடைக்கு மாறியிருந்தது. இவர்கள் காக்கியிலேயே இருந்தார்கள். பச்சை எதிரே காக்கி, இரண்டு பக்கமும் ஒரே துப்பாக்கி, ஒரே ஊர் முகம். இதைவிடச் சோகமான நிறத்திட்டம் எந்தக் காஸ்ட்யூம் டிசைனருக்கும் கிடைக்காது.

காக்கி என்றால் பருத்தி டிரில். இன்றைய போலீஸ் காக்கியை மொத்தமாக வாங்கினால் அது டெரிகாட்டன். நனைந்ததும் மினுமினுக்கும், உடம்போடு ஒட்டாது, இஸ்திரி மடிப்பு மழையிலும் நிற்கும். பருத்தி நனைந்தால் கறுத்துத் தொங்கும். முக்கிய நடிகருக்கு மூன்று நிலை உடை வேண்டும்: சிங்கப்பூர் அணிவகுப்புக்குப் புதுசு, பர்மாவுக்குச் சலவையில் வெளுத்தது, பின்வாங்கலுக்குக் கிழிந்தது. மழைக் காட்சிகளில் ஒவ்வொரு டேக்குக்கும் காய்ந்த உடையில் ஆரம்பிக்க வேண்டியிருப்பதால் ஒவ்வொரு நிலையிலும் குறைந்தது மூன்று செட். வெளுக்க வைப்பதற்குச் சோடாவில் பல தடவை துவைத்து, முழங்காலிலும் காலரிலும் உப்புத்தாளைத் தேய்க்க வேண்டும். வண்ணத்தைப் பூசி அழுக்காக்கினால் முதல் மழையிலேயே வழிந்துவிடும்.

துப்பாக்கியில் வாடகைக்கு எளிதாகக் கிடைப்பது இஷாப்பூர் 7.62. பார்க்க லீ-என்ஃபீல்ட் மாதிரியே இருக்கும், ஆனால் 1960-களின் தயாரிப்பு. மகசின் சதுரப் பெட்டியாக நிற்கும்,.303-க்கு அடிப்பக்கம் சரிவாக இருக்கும். க்ளோசப்பில் இது தெரியும், தூரத்தில் தெரியாது. 300 துணை நடிகர் என்றால் வெடிப்பது முன்னால் ஒரு முப்பது, போல்ட் அசைவது நடுவில் எழுபது, மீதி ரப்பர் டம்மி. ரப்பரில் இரும்புக் கம்பி வைக்காவிட்டால் ஓடும்போது குழல் ஆடும், எடிட்டிங்கில் தலையில் கைவைத்துக்கொள்ள வேண்டியதுதான். இன்னும் முக்கியம்: லீ-என்ஃபீல்டில் ஒரு குண்டு சுட்டால் போல்ட்டை உயர்த்தி, இழுத்து, தள்ளி, இறக்கியபிறகுதான் அடுத்தது. பத்துக் குண்டு முடிந்தால் ஐந்து ஐந்தாகக் கிளிப்பில் நிரப்ப வேண்டும். படபடவென்று சுட்டுத்தள்ளும் ஹீரோவின் கையில் இந்தத் துப்பாக்கியைக் கொடுத்தால் அது நடக்காது. பிரென் கன்னுக்கு வேறு தொல்லை. வெற்றுத் தோட்டாவில் குண்டு இல்லாததால் குழலில் அழுத்தம் ஏறாது, ஒன்று வெடித்து நின்றுவிடும். குழல் வாயைக் குறுக்கும் அடாப்டர் மாட்டியாக வேண்டும். அதைத் தகுந்த ஆர்மரர், அதாவது ஆயுதப் பொறுப்பாளர்தான் மாட்ட வேண்டும். வெற்றுத் தோட்டாவும் கிட்டத்தில் ஆளைக் கொல்லும்.

சல்யூட் உள்ளங்கை வெளியே தெரியும்படி. இவர்கள் பிரிட்டிஷ் பயிற்சியில் வந்தவர்கள். ஹாலிவுட் பார்த்துப் பழகியவர்கள் உள்ளங்கையைக் கீழே திருப்பிவிடுவார்கள். டிரில் பழக்க என்.சி.சி. பயிற்சி பெற்ற பையன்களைக் கூட்டிவருவது வழக்கம், நல்லதுதான், ஆனால் அவர்கள் பழகியது பின்னாளைய முறை. லீ-என்ஃபீல்டை இடது தோளில் சாய்த்துப் பிடிக்கும் முறையைத் தனியாகப் பழக்க வேண்டும். அதற்கு மட்டும் நாலு நாள் ஒதுக்கலாம்.

ஜான்சி ராணிப் படைப்பிரிவுக்கு இந்தத் துப்பாக்கியே திரைக்கதை. துப்பாக்கி நீளம் 113 சென்டிமீட்டர், எடை கிட்டத்தட்ட நாலு கிலோ. முனையில் பயனெட் மாட்டினால் இன்னொரு 43 சென்டிமீட்டர். மொத்தம் ஐந்தடிக்கு மேல். ஐந்தடிப் பெண் கையில் அவள் உயரத்துக்கே ஒரு ஆயுதம். 1943 ஜூலையில் டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் இருபது பெண்களைத் திரட்டி போஸுக்கு மரியாதை அணிவகுப்பு கொடுத்தபோது பெரும்பாலானவர்கள் அதற்கு முன் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. அந்தப் பயிற்சியைக் காட்ட முகம் தேவையில்லை. புடவை கட்டிய இடுப்பில் துப்பாக்கிக் கட்டை இடிப்பது, போல்ட்டை இழுக்க இரண்டு விரல் போதாமல் முழு உள்ளங்கையையும் போடுவது, பயிற்சி முடிந்து பால் வாளி தூக்கிப் பழகிய கையே தோளைத் தேய்த்துக்கொள்வது. இதற்குப் பிறகு அவர்களை இம்பாலில் பயனெட்டோடு பாயவிடுவதுதான் வழக்கமான குற்றம். அவர்கள் பர்மாவில் மேமியோ வரை போனார்கள்; முன்னணிச் சண்டையில் இறக்கப்படவில்லை. சண்டைக்கு அனுப்பக் கேட்டுக்கொண்டே இருந்ததும், அனுப்பப்படாததும்தான் அவர்கள் கதை.

அரிசிக்கு வந்துவிட்டோம்.

பர்மா முனைக்குப் போன சுபாஷ் பிரிகேட் என்ற படைப்பிரிவில் சுமார் 3,000 பேர், தலைமை ஷா நவாஸ் கான். அதில் ஒரு பகுதி கலாதான் பள்ளத்தாக்குக்கு, மீதி சின் மலையில் ஹாக்கா, ஃபாலம் பக்கம். ஹாக்கா சுமார் 6,000 அடி உயரம், குளிரும் மலேரியாவும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 600 கிராம் அரிசி என்று வையுங்கள். 3,000 பேருக்கு 1.8 டன். ஒரு கோவேறு கழுதை மலைப்பாதையில் 70 கிலோ தூக்கும், அப்படியானால் தினமும் 25, 26 கழுதை வந்து சேர வேண்டும். பாதை போக ஐந்து நாள், வர ஐந்து நாள் என்றால் எப்போதும் 260 கழுதை நடந்துகொண்டே இருக்க வேண்டும். கழுதை இல்லை என்றால் ஆள். ஆள் 25 கிலோ தூக்குவான். பத்து நாள் பயணத்தில் அவனே ஆறு கிலோ தின்றுவிடுவான். போய்ச் சேருவது 19. அதே 1.8 டன்னுக்குத் தினமும் 95 பேர், சுழற்சியில் 950 பேர். அதாவது படையில் மூன்றில் ஒரு பங்கு அரிசி சுமக்க மட்டும். இது நான் போட்ட தோராயக் கணக்குதான், ஆனால் எந்த மலைப் போருக்கும் போட வேண்டிய கணக்கு. இதை ஒரு முகாம் மேசையில், பென்சிலால், இரண்டு அதிகாரிகள் போடுவதைக் காட்டினால் அடுத்து வரும் ஒரு மணி நேரத்தின் முடிவு அங்கேயே எழுதப்பட்டுவிடும்.

ஜப்பானியத் தளபதி முடகுச்சியும் கணக்குப் போட்டார், தப்பாக. மூன்று வாரச் சாப்பாட்டோடு கிளம்பினால் இம்பாலைப் பிடித்து, பிரிட்டிஷ் கிடங்கிலிருந்தே சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று. நடக்கும் ரேஷனாக மாட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு போனார்கள். சிந்த்வின் ஆற்றிலும் மலையிலும் பெரும்பகுதி போய்விட்டது. இதே நம்பிக்கையில் போஸ் படையின் காந்தி பிரிகேட் கனமான சாமான்களைப் பின்னால் விட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு கம்பளி, ஒரு துப்பாக்கி, 50 தோட்டா என்று இம்பால் பக்கத்துப் பலேல் விமானத்தளத்தை நோக்கி விரைந்தது. எதிரே இருந்தவர்களுக்கோ வானத்திலிருந்து வந்தது: முற்றுகைக் காலத்தில் இம்பாலுக்குள் விமானத்தில் இறங்கிய சரக்கு சுமார் 19,000 டன். ஒரு பக்கம் தலைக்கு மேல் உறுமிக்கொண்டு போகும் டகோட்டா சரக்கு விமானம், அதன் நிழல் விழும் பாதையில் மூங்கில் குருத்தைச் சுரண்டும் கை. வசனமே வேண்டாம்.

1944 ஏப்ரல் 14 அன்று லோக்டாக் ஏரிப் பக்கம் மொய்ராங்கில் கர்னல் ஷௌகத் மாலிக் கொடியேற்றினார். எல்லாப் படமும் இங்கே உச்சத்துக்குப் போகும், போகட்டும். பின்னணியில் தென்னை மரம் தெரியாமல் பார்த்துக்கொண்டால் சரி. அது மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு. அடுத்த மாதமே மழை. ஜூன் 22-ல் கோஹிமா–இம்பால் சாலையின் 109-வது மைலில் பிரிட்டிஷ் படைகள் இணைந்தன, முற்றுகை உடைந்தது. முன்னணிக்குப் போன சுமார் 6,000 பேரில் சண்டையில் மாண்டவர்கள் 400 போல; பட்டினியிலும் நோயிலும் போனவர்கள் 1,500 போல என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. நாற்பது நிமிஷம் வெடிக்கவிட்டு ஐந்து நிமிஷம் மழை காட்டினால் இந்த விகிதம் தலைகீழாகிவிடும்.

மழைக் காட்சிக்கு ஒரு சின்ன விஷயம். நிஜ மழை கேமராவில் சரியாகத் தெரியாது. பின்னாலிருந்து வெளிச்சம் கொடுத்தால்தான் தாரை தெரியும். லாரித் தொட்டித் தண்ணீரை முன் வெளிச்சத்தில் கொட்டினால் வெறும் ஈரம்தான் மிஞ்சும். படப்பிடிப்பு வரிசையிலும் அணிவகுப்பை முதலில் முடித்து, ஆறு வாரமாவது இடைவெளி விட்டு, தாடியும் எடைக்குறைவும் வந்தபிறகு பின்வாங்கலை எடுக்க வேண்டும். ஜிம் தோளோடு பட்டினி நடிக்க முடியாது.

1945 ஏப்ரல் 24, ரங்கூனை விட்டுக் கிளம்பும் நாள். ஊரில் மீதிப் படையைப் பொறுப்பேற்று நின்றவர் ஏ. டி. லோகநாதன், தமிழர், டாக்டர். அதற்கு முன்பே அந்தமானுக்கு ஆணையராக அனுப்பப்பட்டு, பெயரளவு அதிகாரத்தோடு அங்கே திண்டாடியவர். தனிப் படமே எடுக்கலாம், யாரும் எடுக்க மாட்டார்கள். போஸோடு கிளம்பியவர்களில் ஜான்சி ராணிப் பெண்கள் சுமார் நூறு பேர், அவர்களில் ஜானகி தேவர். விளம்பர அமைச்சர் எஸ். ஏ. ஐயரும் இருந்தார். பகலில் விமானத் தாக்குதல், ஆகவே நடை இரவில். லாரிகள் சேற்றிலும் ஆற்றிலும் மாட்டிப் போயின. ஜப்பானியர் அவருக்கு மட்டும் கார் தர முன்வந்தபோதும் பெண்களை விட்டுவிட்டு ஏற மாட்டேன் என்று கூடவே நடந்தார்.

இந்தப் பகுதிக்கு நிலா வெளிச்சம் போடாதீர்கள். ஒருவர் தோளை மற்றவர் பிடித்துக்கொண்டு போகும் இருட்டு, தண்ணீரில் துணி மூட்டையைத் தலையில் வைத்து இறங்கும் சத்தம், சிட்டாங் ஆற்றங்கரையில் விடிவதற்குள் மரத்தடி தேடும் அவசரம். அவர் காலில் முழங்கால் உயர பூட்ஸ். நனைந்து காய்ந்து நனைந்த தோல் சுருங்கும். ஒருவரே கழற்ற முடியாது, எதிரே ஒருவர் குதிகாலைப் பிடித்து இழுக்க வேண்டும். உள்ளே காலுறை கொப்புளத்தோடு ஒட்டியிருக்கும், தண்ணீர் ஊற்றி ஊறவைத்துப் பிரித்தெடுக்க வேண்டும். மேக்கப்பில் கொப்புளத்தைக் குதிகாலிலும் விரல் இடுக்கிலும் மட்டும் போடுங்கள். பாதம் முழுக்கப் போட்டால் தீக்காயம் மாதிரி ஆகிவிடும். கழற்றுவது, காலைக் கழுவுவது, அந்தி சாய்ந்ததும் அதே பூட்ஸைத் திரும்ப மாட்டுவது. மூன்றையும் ஒரே ஷாட்டில், வெட்டாமல்.